தோருன் குணமான காலை

இதைக் கதை என்று நினைத்துக்கொண்டு படித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். இது நடந்தது. நடந்தபோது நான் அந்தச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். நம்புங்கள் என்று கெஞ்ச மாட்டேன். யாரும் நம்பாத மனிதர்களோடுதான் என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. நம்பாத முகம் எப்படிச் சிரிக்கும், தலையை எந்தப் பக்கம் சாய்க்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி.

நான் மனநோய் நர்ஸ். ஆஸ்பத்திரி வார்டில் உட்காருகிறவள் இல்லை, ஏரிக்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறவள். கனடாவின் மானிட்டோபாவில், எங்கள் ஐஸ்லாந்து ஜனங்கள் வந்து குடியேறி மீன் பிடித்துப் பிழைக்கிற கரை அது. ஊரின் பெயர் சாண்ட்விக். நான் சொல்வது எழுபதுகளின் நடுவில். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

எங்கள் வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு விதி சொல்லிக் கொடுப்பார்கள். இல்லாத ஒன்றை இருக்கிறது என்று நோயாளி சொன்னால், ஆமாம் என்று சொல்லாதே. இல்லை என்று சண்டையும் போடாதே. "அப்படி நினைக்கிறது உங்களுக்குப் பயமா இருக்கும், இல்லையா?" என்று கேட்டுவிட்டு ஊசியை எடு. அவ்வளவுதான் விதி. பாதி நாள் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தோருனுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். சின்ன வயதிலேயே அவளுக்கு நோய் வந்துவிட்டது. அடுப்புப் புகைக்குழாயில் யாரோ பேசுகிறார்கள் என்பாள். ராத்திரி யாரோ வந்து சமையலறை உப்பை மாற்றிவிட்டுப் போகிறார்கள் என்பாள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசியில் பத்து வருஷமாக அடங்கி இருந்தாள். இடுப்பில் ஊசி ஏறும்போதெல்லாம் என் வம்சத்தில் ஒருவரைத் திட்டுவாள். "போன தடவை உன் தாத்தாவை முடிச்சாச்சு. இன்னிக்கு அவரோட தம்பி. மாட்டுத் திருடன்." நானும் சிரித்துக்கொண்டே பஞ்சை அழுத்துவேன்.

அவள் புருஷன் ஸ்காப்தி மீனவர். அதிகம் பேச மாட்டார். ஆனால் அவரைப்போல ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை. தோருன் உப்பு மாறிவிட்டது என்றால், விதியெல்லாம் அவருக்குக் கிடையாது. டப்பாவை எடுத்து அப்படியே பனியில் கொட்டுவார். தொப்பியை மாட்டிக்கொண்டு மால்லாவின் கடைக்கு நடந்து போய்ப் புது உப்பு வாங்கி வருவார். "உப்புதானே" என்பார். மால்லா ஒருதரம் என்னிடம் சொன்னாள், சாண்ட்விக் ஊரே சேர்ந்து சாப்பிடுகிற உப்பைவிட அந்த ஒரு வீட்டுக்குத்தான் அதிகம் விற்கிறது என்று.

அந்த ஜனவரியில் ஸ்காப்தி ஏரிக்குப் போனார். ஏரி உறைந்து கிடந்தது. பனிக்குக் கீழே போட்ட வலையைத் தூக்க, மூடின கூண்டும் சங்கிலிச் சக்கரமும் வைத்த பனிவண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். கூடப் போக வேண்டிய ஆளுக்குப் பல்வலி. மத்தியானம் புயல் பிடித்துக்கொண்டது. இரண்டு ராத்திரி விடாமல் அடித்தது. தேடப் போனவர்கள் கரையைத் தாண்ட முடியாமல் திரும்பி வந்தார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இருட்டின பிறகு அவர் நடந்தே வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வண்டி ஒரு வெடிப்பில் சிக்கிக்கொண்டது, விட்டுவிட்டு வந்தேன் என்றாராம். ஊருக்கே திருவிழாதான். மால்லா கடையில் எல்லாருக்கும் ப்ரூன் பழம் அடுக்கிய கேக் வெட்டினாள்.

"சாவுக்குன்னு பண்ணின கேக். வீணாப் போகலை பாரு" என்று என்னிடம் ஒரு துண்டை நீட்டினாள். "ரெண்டு ராத்திரி ஏரியில இருந்திருக்கான், மூக்கு நுனிகூட கறுக்கலை. என் வீட்டுக்காரர் விறகு எடுக்கப் போனாலே காது போயிடுது."

அப்போது நானும் சிரித்தேன்.

சந்தோஷப்படாதவள் ஊரில் ஒருத்திதான். தோருன். வந்தவன் ஸ்காப்தி இல்லை என்றாள்.

அவள் சொன்ன காரணம் இது. எங்கள் ஜனங்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. இருட்டின பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டக் கூடாது. ஜன்னல் பக்கம் போய் நின்று, "இந்த வீட்டில் தேவன் இருக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர்கள், "தேவன் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறப்பார்கள். செத்தவர்களுக்கு தேவன் என்கிற பெயர் வாயில் வராது என்று ஒரு நம்பிக்கை. சிறுசுகள் விட்டுவிட்டார்கள். ஆனால் ஸ்காப்தி விட்டதே இல்லை. குடித்திருந்தாலும் சொல்வார். தன் சொந்த வீட்டு ஜன்னலிலேயே நின்று சொல்வார்.

அன்றைக்கு அவர் கதவைத் தட்டினார். ஒரே ஒரு தட்டு.

டாக்டர் பென்னருக்கு போன் பண்ணிச் சொன்னேன். நகரத்து ஆஸ்பத்திரியில் தோருனின் டாக்டர் அவர். கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் குரலில் ஒரு குஷி இருந்தது. நெருங்கின மனுஷரையே வேறு ஆள், வேஷம் போட்டு வந்தவன் என்று நினைக்கிற நோய் ஒன்று உண்டாம். அபூர்வமாம். புத்தகத்தில்தான் படித்திருக்கிறாராம். மருந்தின் அளவைக் கூட்டச் சொன்னார். அடுத்த வாரமே நான் சாண்ட்விக் போனேன்.

கதவைத் திறந்தது அவர்தான். "வா, லில்யா" என்றார்.

வாசலில் கடும் குளிர். பேசினால் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை போகும். என் வாயிலிருந்து போனது. அவர் "வா, லில்யா" என்றபோது... எதுவும் போகவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்கள் அப்படிப் பேசுவது உண்டா என்று யோசிக்கவில்லை.

மேஜையில் காப்பி வைத்தார். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்திலிருந்து நேராகத் தன் கோப்பையில் ஊற்றி, ஊதாமல், தயங்காமல், ஒரே மடக்கில் குடித்தார். நான் என் கோப்பையை விரலால்கூடத் தொட முடியாமல் காத்திருந்தேன்.

தோருன் மூலையில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். அவள் என்னைப் பார்த்து, "உப்பு மாறிடுச்சு" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாளே தவிர, அது அவருக்காகச் சொன்னது. சோதனை.

அவர் பொறுமையாக அவள் பக்கம் திரும்பினார். "உப்பு மாறலை, தோருன். உனக்கு உடம்பு சரியில்லை."

சரியான பதில். நோயாளியின் குடும்பத்துக்கு எந்த டாக்டரும் சொல்லிக் கொடுக்கிற பதில். அன்பாகவும் சொன்னார்.

ஊசி போட அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். என் வம்சத்தைத் திட்டுகிறாளா என்று காத்திருந்தேன். அவள் திட்டினாள், ஆனால் மெதுவாக, அவருக்குக் கேட்காமல். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஸ்காப்தி அப்படிச் சொல்லவே மாட்டான், கண்ணு."

அப்படி நினைப்பது பயமாக இருக்கும் என்று விதிப்படி சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. பாவம், உனக்கு இதுதான் சொல்லத் தெரியும் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிப்ரவரியில் அடுத்த ஊசி. வழியில் பனி அள்ளுகிற வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். போய்ச் சேரும்போது மணி ஐந்து. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். காப்பி குடித்தோம். தோருனும் அவரும் நானும். எனக்கு எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் இருக்கிற அறை. கண்ணாடியில் தோருன் பக்கமும் என் பக்கமும் மூச்சுப்பட்டு, பூப்பூவாகப் பனி கட்டியிருந்தது. அவர் பக்கம் கண்ணாடி சுத்தமாக இருந்தது. துடைத்து வைத்த மாதிரி.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விறகு எடுத்து வருகிறேன் என்று அவர் எழுந்து போனார்.

கதவு சாத்தின சத்தம் கேட்டதும் தோருன் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"தோருன், கதவைத் திறங்க."

"பொறு."

"வெளியில குளிர் உயிரை எடுக்குது."

"அவனுக்குக் குளிராது. நீதான் பார்த்தியே. உன் கண்ணு எங்க போச்சுன்னு நானும் பார்த்தேன்."

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கை சில்லிட்டிருந்தது. ஆனால் பேச்சு நிதானமாக வந்தது. இத்தனை நாள் பழக்கத்தில் அவள் அவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நீ என்னை நம்ப வேண்டாம், கண்ணு. அவன் ஜன்னல்ல வந்து அதைச் சொல்லட்டும். சொல்லிட்டான்னா நான் பைத்தியம். ஊசியை ரெண்டாப் போடு. ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போ. நான் பாட்டுப் பாடிக்கிட்டே வரேன்."

"சொல்லலைன்னா?"

"நான் பைத்தியமா இருக்கணும்னுதான் பொழுதெல்லாம் ஜெபம் பண்றேன். நான் பைத்தியம்னா ஸ்காப்தி உயிரோட இருக்கான். எனக்குப் புத்தி சரியா இருந்தா... அவன் ஏரிக்கு அடியில இருக்கான். குளிர்ல. யாருமே தேடலை."

அதற்குச் சொல்ல எங்கள் விதியில் வாக்கியம் கிடையாது.

க்ரீச்... க்ரீச்... வெளியே பனியை மிதித்து வருகிற சத்தம். விறகைக் கீழே போடுகிற சத்தம்.

பிறகு கதவில் ஒரு தட்டு.

ஒன்றே ஒன்று.

நாங்கள் அசையவில்லை. அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. வேறு சத்தம் இல்லை. திரும்பத் தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. "தோருன், கதவு மாட்டிக்கிச்சு" என்று எந்தப் புருஷனும் சொல்வானே, அதைக்கூடச் சொல்லவில்லை.

க்ரீச்... க்ரீச்... சத்தம் சுவரோரமாக நகர்ந்து வந்தது.

ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது.

தோருன் விளக்கை எடுத்துக் கண்ணாடியருகில் பிடித்தாள். அவளுடைய மூச்சில் கண்ணாடி மங்கியது. துடைத்தாள். மங்கியது. மறுபடி துடைத்தாள்.

"சொல்லு, ஸ்காப்தி" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "என் ராஜா இல்லையா. ஒரே ஒரு தடவை சொல்லிடு."

அவர் வாய் திறந்தது.

"இந்த வீட்டில்..."

நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது.

"அடுத்தது சொல்லு."

"இந்த வீட்டில்..."

அதே குரல். அதே ஏற்றம். அதே இடத்தில் நின்றது.

"அடுத்தது, ஸ்காப்தி..."

"இந்த வீட்டில்..."

வெளிப்பக்கம் கண்ணாடியில் ஒரு பொட்டு மூச்சுகூடப் படவில்லை.

பிறகு கண் மட்டும் நகர்ந்தது. தோருனை விட்டு, என்னிடம்.

"லில்யா. கதவைத் திற. அவளுக்கு உடம்பு சரியில்லை."

தெளிவாக, அக்கறையாகச் சொன்னார். ஒரு நல்ல புருஷன் சொல்கிற மாதிரி.

நான் நகரவில்லை.

முகம் ஜன்னலை விட்டு விலகியது.

காத்திருந்தோம். பனியை மிதிக்கிற சத்தம் வரும் என்று.

வரவில்லை.

எங்கள் முதுகுக்குப் பின்னால்...

நாற்காலி இழுபடுகிற சத்தம்.

திரும்பினேன்.

மேஜையில் அவர் உட்கார்ந்திருந்தார்.

அடுப்புப் பக்கத்தில் விறகு அடுக்கியிருந்தது.

தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

"காப்பி ஆறுது" என்றார்.

தோருன் அலறவில்லை. விளக்கை மெதுவாகக் கீழே வைத்தாள். சமையல் அங்கியின் நாடாவை அவிழ்த்து, அதை மடித்து ஆணியில் மாட்டினாள். "சரி" என்றாள். சாவுத் தந்தியைப் படித்து முடித்தவர்கள் சொல்கிற சரி. அன்றைக்குத்தான் அவள் விதவையானாள். அதைப் பார்த்த ஒரே சாட்சி நான்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார், அதுதான் அவளுக்கு நல்லது என்று. அவரே கோட்டை எடுத்து வந்து அவளுக்குப் போட்டுவிட்டார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அவளை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தால் போதும் என்றிருந்தது. பூட்டின வார்டு, ஆள் காவல், வெளிச்சம். அங்கே இருந்தால் உயிர் பத்திரம் என்று நினைத்தேன்.

பாதி வழி கடந்தோம். பிறகு, "பார்த்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

"பார்த்தேன்" என்றேன். விதி போகட்டும்.

"சரி. அது போதும்."

மறுநாள் டாக்டர் பென்னரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு, காப்பி, ஜன்னல், தாழ்ப்பாள். ஒன்று விடவில்லை. போலீஸிடம் சொல்லி, ஏரியில் அந்தப் பனிவண்டி கிடக்கிற இடத்தில் தேடச் சொல்லுங்கள் என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"அப்படிப் பார்த்தது உங்களுக்கு ரொம்பப் பயமா இருந்திருக்கும், லில்யா."

நோயாளியோடு ரொம்ப நாள் நெருங்கிப் பழகினால் அந்த நம்பிக்கை நமக்கும் ஒட்டிக்கொள்ளும், இது தெரிந்த விஷயம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொன்னார். ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்தார். தூக்க மாத்திரையும் கொடுத்தார். போலீஸுக்கு நானே போன் பண்ணினேன். ஸ்காப்தி வீட்டில்தானே இருக்கிறார், நேற்றுகூடக் கடையில் பார்த்தேனே என்றார் அந்த ஆள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கேக் கொண்டுவந்தார். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று வார்டு நர்ஸுகள் உருகினார்கள். தோருன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாளாம். "இது ஸ்காப்தி இல்லை" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லையாம். ஊசி, மாத்திரை, மறுபடி ஊசி. அவர்தான் ஸ்காப்தி என்று சொல்கிற வரை வெளியே விட மாட்டார்கள். அவளுக்கும் அது தெரியும்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் வார்டு போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். நாக்கு மருந்தில் தடித்திருந்தது.

"முடிவு பண்ணிட்டேன், கண்ணு. அவன்தான் ஸ்காப்தின்னு சொல்லிடப் போறேன்."

"ஏன்?"

"அப்பதானே விடுவாங்க. விட்டா ஏரிக்குப் போவேன். அவன் தனியா இருக்கான்."

"போகாதீங்க, தோருன். பனி எங்க மெல்லிசா இருக்குன்னு தெரியாது. நான் வரேன், ரெண்டு பேருமா யார்கிட்டயாவது..."

"யார்கிட்ட?"

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். ஒரு பெயர்கூட வரவில்லை.

"உன் பாட்டியைத் திட்டினதில்லை நான்" என்றாள். "நல்லவ. அவளை மட்டும் விட்டு வெச்சிருக்கேன்." போன் வைத்துவிட்டாள்.

அதுதான் தோருன் என்னோடு பேசின கடைசிப் பேச்சு.

அடுத்த வாரம் டாக்டர் பென்னர் போன் பண்ணினார். தோருனுக்குக் குணமாகிவிட்டது. ஒரே ராத்திரியில். காலையில் எழுந்ததும் புருஷனைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். உப்பும் இல்லை, குரலும் இல்லை, எல்லாம் தெளிந்துவிட்டது. என் லீவும் முடிந்திருந்தது. நானே அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் எனக்கும் நல்லது என்றார்.

வார்டு கதவில் நின்றிருந்தாள். முகம் பளிச்சென்றிருந்தது. சதை பிடித்திருந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களுக்கு ரொம்பக் கஷ்டம் கொடுத்துட்டேன்" என்றாள்.

தோருன் என்னை நீங்கள் என்று கூப்பிட்டதே இல்லை.

காரில் ஏரியோரமாகப் போனோம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணுக்கெட்டின மட்டும் வெள்ளை. யாருக்கும் கேட்கப் போவதில்லை என்றாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டேன்.

"ஏரிக்குப் போகணும்னு சொன்னீங்களே..."

அவள் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"எந்த ஏரி?"

அவள் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். வெளியே குளிர். உள்ளே இரண்டு பேர். என் பக்கம் மங்கி மங்கித் துடைத்துக்கொண்டே ஓட்டினேன்.

அவள் பக்கம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

வாசலில் அவர் நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரே மாதிரி. ஒரே நேரத்தில் ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

மார்ச், ஏப்ரல், மே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனேன். போகாமல் இருந்தால் மறுபடி லீவு, மறுபடி மாத்திரை, அப்புறம் நானும் அந்த வார்டில் ஒரு கட்டில். அதனால் போனேன். காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். ஊசி போட்டேன். அவள் முகம் சுளிக்கவே இல்லை. யாரையும் திட்டவும் இல்லை. "நன்றி" என்பாள். மால்லா சொன்னாள், தோருன் இப்போது கடைக்கு வந்து எல்லாரிடமும் நன்றாகப் பேசுகிறாள், கோயிலுக்குக் கேக் பண்ணிக் கொடுத்தாள், மருந்து என்றால் மருந்து என்று. உப்பு விற்பதில்லை, அதுதான் நஷ்டம் என்று சிரித்தாள்.

மே கடைசியில் ஏரி உருகித் திறந்தது. முதல் வலை போட்ட படகுக்காரர்களுக்கு வலையைத் தூக்க முடியவில்லை. பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் ஏதோ கனமாக மாட்டிக்கொண்டது. கயிறு கட்டி இழுத்தார்கள்.

பனிவண்டி.

போலீஸ்காரர் எனக்கு போன் பண்ணினார். அடையாளம் சொல்லச் சொந்தக்காரர் பக்கத்தில் யாரும் இல்லை, உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், கொஞ்சம் வந்து பாருங்கள் என்றார். குரல் சரியில்லை. ஸ்காப்திதானே என்றேன். எனக்கு ஜனவரியிலிருந்தே தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"ஸ்காப்தியும்" என்றார்.

வண்டிக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஓட்டுகிற இடத்தில் ஸ்காப்தி. பக்கத்தில், அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தோருன். ஆஸ்பத்திரி கவுன். மணிக்கட்டில் வார்டில் கட்டுகிற பெயர்ப் பட்டை. கதவு இரண்டும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தன. ஸ்காப்தி செத்து ஐந்து மாதம் இருக்கும் என்று சோதித்த டாக்டர் சொன்னார். தோருன் செத்தது மார்ச் வாக்கில். மார்ச்சில் அந்த ஏரியின் மேல் இடுப்பளவு பனி இருந்தது. அதில் ஒரு ஓட்டைகூட இல்லை.

போலீஸ்காரர் என்னைக் கேட்டார். "இந்தம்மாவைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"போன வாரம். ஊசி போட்டேன். காப்பி குடிச்சேன்."

அவர் பேனாவை மூடிவிட்டார். அவரே போன மாதம் அவள் பண்ணின கேக்கைத் தின்றவர்.

இருவருமாக அந்த வீட்டுக்குப் போனோம். கதவு ஈரத்தில் ஊறி மாட்டிக்கொண்டிருந்தது. அவர் தோளால் இடித்துத் திறந்தார். உள்ளே மக்கின வாடை. அடுப்பைத் திறந்தோம். நெருப்பு எரிகிற இடத்தில் எலி கூடு கட்டிக் குட்டி போட்டிருந்தது. மேலே காப்பிப் பாத்திரம். உள்ளே இருந்த தண்ணீர் குளிரில் உறைந்து வீங்கி, பாத்திரம் பக்கவாட்டில் வாய் பிளந்து கிடந்தது.

அந்தப் பாத்திரத்திலிருந்துதான் எனக்குப் போன வாரம் காப்பி ஊற்றினாள்.

அவர்கள் இரண்டு பேரும் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. இரண்டு பெட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் புதைத்தோம். மால்லா கேக் வெட்டினாள். டாக்டர் பென்னர் அந்த வருஷமே வேறு ஊருக்கு மாறிப் போனார். சாண்ட்விக்கில் அந்த இரண்டு பேரை மூன்று மாதம் பார்த்துப் பேசியவர்கள், காசு வாங்கியவர்கள், கை குலுக்கியவர்கள் எத்தனையோ பேர். ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை. அவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்த மாதிரி எனக்குத் தோன்றும். தோருனுக்கு முன்பிருந்தே புத்தி சரியில்லை, அவ்வளவுதான் என்று.

ரொம்ப வருஷம் கழித்து எனக்குத் தெரிய வந்தது ஒன்று உண்டு. நான் ஓய்வு பெற்ற அன்று ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். அங்கே ஓலெனா என்ற வயதான பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தக் காலத்தில் தோருன் இருந்த வார்டில் படுக்கை மாற்றுகிற வேலை பார்த்தவளாம். சொல்லாமல் செத்தால் நெஞ்சு வேகாது என்றாள்.

தோருன் குணமான அன்று காலை அவள்தான் முதலில் அறைக்குள் போனாளாம். ராத்திரி முழுக்க வெளியிலிருந்து பூட்டியிருந்த அறை. ஜன்னல் திறக்க முடியாத ஜன்னல்.

"மெத்தை முழுக்க நனைஞ்சு தொங்குச்சு. தரையெல்லாம் தண்ணி. மீன் நாத்தம். நோயாளி ராத்திரி படுக்கையை நனைச்சிட்டான்னு பெரிய நர்ஸ் சொல்லிட்டாங்க. நான்தான் பிழிஞ்சேன். அது ஏரித் தண்ணி."

"தோருன்?"

"கட்டில் நடுவுல உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டிருந்தா. தலையெல்லாம் சொட்டச் சொட்ட. அறைக்குள்ள அவ்வளவு வெக்கை... முடியில இருந்த ஐஸ் மட்டும் கரையவே இல்லை. 'ஸ்காப்தி எங்கே'ன்னு என்னைக் கேட்டா."

ஓலெனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் ஓடி வந்தாரு. பேரு கேட்டாரு, சொன்னா. புருஷன் பேரு கேட்டாரு, சொன்னா. குணமாயிடுச்சுன்னு எல்லாரும் கை தட்டினோம்."